படகின் கழிவுத் தொட்டியும் பொய்யுரைக்கும் அளவுகாட்டியும்

அளவை என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என முன்னோர் வகுத்த நால்வகை அளத்தலும் அளவை எனப்படும்; காட்சி, கருதல், உரை எனத் தருக்க நூலார் எண்ணும் அறிவு வாயில்களும் அளவை என்றே வழங்கும். இலக்கிய வகுப்பில் இவ்விரண்டனையும் வேறுவேறு பாடங்களாகப் படித்துக் கடந்துபோகின்றோம். இரண்டும் ஒரே கருவியில் வந்து சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அவ்விடம் பட்டிமண்டபமும் அன்று, தருக்கம் பயில்வோர் கழகமும் அன்று. சிறு படகொன்றின் முன்புறத்துப் படுக்கையின் கீழே அடங்கிக் கிடக்கும் மலநீர்த் தொட்டியே அது. பொருளின் இழிவு கருதி மூக்கைப் பொத்திக்கொள்ளும் நண்பர்கள் சில பக்கங்கள் பொறுத்தருள்வாராக. அத்தொட்டியின் அளவுகாட்டி பழுதுற்றவிடத்து, பழுது எங்கே உள்ளதென்று அறிந்து செப்பஞ்செய்யும் முறையை விளக்கப் புகுகின்றேன்.

முதற்கண் இத்தொட்டி எதற்கு என்பதைக் கூறவேண்டும். கடலிற் செல்வார் தம் கழிவைக் கடலிலேயே விட்டுவிடுதல் நெடுங்காலத்து வழக்கம். ஆழ்ந்த நடுக்கடலில் ஒரு சிறு படகினால் விளையுந் தீங்கு சிறிதே. கரை சூழ்ந்த குடாக்களிலும் கழிகளிலும் நிலைமை வேறு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தினுள்ளே நீண்டு புகுந்து கிடக்கும் பியூஜெட் சவுண்டு என்னும் கடற்கழியை எடுத்துக்கொள்வோம். சியாட்டில், டகோமா முதலிய நகரங்கள் அதன் கரையில் உள்ளன. பாய்மரப் படகுகளும் யந்திரப் படகுகளும் அதில் மிகுதி. அதே நீரில்தான் உண்ணத்தக்க சிப்பிகளையும் மட்டிகளையும் வளர்க்கின்றார்கள். சிப்பியோ நாள்முழுதும் கடல்நீரை உறிஞ்சி வடித்து, வடிந்ததை உண்டு வாழும் உயிர். நீரில் மலக்கழிவு கலந்தால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் சிப்பியின் உடலில் வந்து திரளும். அச்சிப்பியைச் சமையாமல் உண்ணும் மக்கட்கு வாந்தியும் பேதியும் உண்டாகும். ஆகவே ஒரு படகின் தொட்டி நிரம்பி வழிதல் அப்படகினுள்ளார்க்கு மட்டும் அருவருப்பாய் முடிவதன்று. யாரோ ஒருவரது உணவுத் தட்டு வரையிற் செல்வது.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் செப்பஞ்செய்யாத மலநீரைப் படகிலிருந்து விடலாகாது எனத் தடுத்தது. செப்பஞ்செய்து விடும் சிறு யந்திரங்களும் உண்டு; அவற்றை வையாத படகுகள் கழிவைத் தொட்டியிற் சேர்த்துவைத்தல் வேண்டும். 1992ஆம் ஆண்டில் இயற்றிய மற்றொரு சட்டத்தின் வழியாக, படகுத்துறைகளிற் கழிவை உறிஞ்சி வாங்கும் நிலையங்கள் அமைப்பதற்கு அரசினர் பொருளுதவி கிடைத்தது. பியூஜெட் சவுண்டில் 2018ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் முதல், செப்பஞ்செய்த மலநீரையும் விடலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 சதுரமைல் பரப்புள்ள நீர் அவ்விதியின் கீழ் அடங்கும். எனவே அங்கே படகோட்டுவார்க்குத் தொட்டியைத் தவிர வேறு புகலிடம் இல்லை. தொட்டியில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கின்றது என்று அறிதல் அவர்க்கு இன்றியமையாததாயிற்று.

நம் வீட்டு மாடியிலுள்ள நீர்த்தொட்டி நிரம்பி வழிந்தால் நீரும் மின்சாரமும் வீணாகும், வீட்டார் கடிந்துகொள்வார், அவ்வளவே. கழிவுத் தொட்டி நிரம்பினால் நிகழ்வது வேறு. அத்தொட்டிக்கு மூன்று வாயில்கள் உண்டு: கழிப்பறையிலிருந்து கழிவு வரும் குழாய், மேல்தளத்தினின்று உறிஞ்சி எடுக்கும் குழாய், காற்றுப் போக்குவரத்துக்கு ஒரு மெல்லிய குழாய். நிரம்பிய தொட்டியுள் மேலும் மேலும் பம்பினால் தள்ளும்போது கழிவு காற்றுக்குழாய் வழியே ஏறிப் படகின் புறத்தே கடலில் ஒழுகும். தாளும் மலமும் அக்குழாயை அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் அழுத்தம் மிகும், இணைப்புகள் நெகிழும், தொட்டியே பிளத்தலும் கூடும். பிறகு படகினுள்ளே யாரும் உறங்க முடியாது. அடைபட்ட காற்றுக்குழாயோடு உறிஞ்சு நிலையத்துக்குப் போனால் எதிர்மாறான கேடு நேரும்: உறிஞ்சும் பம்பின் இழுப்பில் தொட்டியின் சுவர் உள்வாங்கி ஒடுங்கும்.

இனி அளவுகாட்டியின் இயல்பை ஆராய்வாம். படகைச் செலுத்துவோர் முன்னே உள்ள பலகையில் வட்டமான ஒரு முகப்பும், அதில் ஒரு முள்ளும் இருக்கும். முள் தொட்டியைப் பார்ப்பதில்லை. தொட்டிக்குள் ஒரு மிதவை கிடக்கின்றது; அது நீர்மட்டத்தோடு ஏறியிறங்கும். மிதவையின் கை ஏறுந்தோறும் உணர்கருவியின் மின்தடை மாறும். அம்மின்தடைக்கேற்ப ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் மாறும். அம்மின்னோட்டத்துக்கேற்ப முள் அசையும். நாம் கண்ணாற் காண்பது முள். கருத்தாற் கொள்வது கழிவின் அளவு. புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதுபோல இது முழுதும் கருதலளவையே. புகையென்று பனிமூட்டத்தைக் கொண்டால் நெருப்பென்னும் முடிவு பிழைபடும். அவ்வாறே முள்ளுக்கும் மலநீருக்கும் இடையிலுள்ள கண்ணிகளுள் எஃது அறுந்தாலும் நம் துணிபு பொய்யாகும். ஆதலால் அளவுகாட்டி கெட்டுவிட்டது என்று பொதுப்படக் கூறிப் புதியது வாங்க ஓடுதல் தக்கதன்று. முகப்போ, கம்பியோ, மிதவையோ, எது பொய் சொல்லுகின்றது என்பதே கேள்வி.

மின்தடையை அளக்கும் அலகு ஓம் எனப்படும். அமெரிக்க வழக்கில் செய்த உணர்கருவிகள் தொட்டி காலியாய் இருக்கும்போது 240 ஓமும், பாதியில் ஏறத்தாழ 103 ஓமும், நிரம்பியபோது 33 ஓமும் காட்டும். ஐரோப்பிய வழக்கோ இதற்குத் தலைகீழானது. காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஒரு வழக்கின் உணர்கருவியை மற்றொரு வழக்கின் முகப்போடு பூட்டினால், நிரம்பிய தொட்டியைக் காலி என்றும் காலித் தொட்டியை நிரம்பியதென்றும் முள் கூசாமற் சாதிக்கும். பழைய படகுகளை விலைக்கு வாங்கினவர்கள், முன்னிருந்தவர் செய்த இத்தகைய கலப்புமணத்தைச் சிலவேளைகளிற் கண்டுபிடிப்பதுண்டு.

இவ்விரு வழக்குகளையும் எடுத்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. படகில் எங்கும் உப்புக்காற்று. கழிவுத் தொட்டியின் அருகே கந்தகம் கலந்த ஆவி. அது செம்பைக் கறுக்கச் செய்யும். உணர்கருவியிலிருந்து பாட்டரியின் நெகடிவ் பக்கம் செல்லும் கம்பியின் முனை களிம்பேறினால் அக்களிம்பும் ஒரு மின்தடையாகும். அது 70 ஓம் என்று கொள்வோம். தொட்டி நிரம்பியிருக்கின்றது, உணர்கருவி மெய்யாகவே 33 ஓம் காட்டுகின்றது, களிம்பின் 70 அதனோடு சேர்ந்து 103 ஆகின்றது. முள் பாதி என்கின்றது! படகுக்காரர் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று எண்ணிக் கரையை விட்டு அகல்கின்றார். இதே களிம்பு ஐரோப்பிய வழக்கில் உள்ள படகில் ஏறினால், காலித் தொட்டியின் 10 ஓம் 80 ஆகி, பாதியை நெருங்கியதாகக் காட்டும். அவர் வீணாக உறிஞ்சு நிலையத்துக்கு ஒருமுறை போய்வருவார். குற்றம் ஒன்று, பொய் இரண்டு. ஒரு பொய் நேரத்தைத்தான் கெடுக்கும். மற்றொன்று சிப்பி வளர்க்கும் நீரைக் கெடுக்கும். தம் படகிற் பூட்டியுள்ளது எவ்வழக்கினது என்று அறிந்துவைத்தல் எத்துணை முதன்மையானதென்பது இதனாற் புலனாகும்.

கம்பியை விட்டுக் கழிவுக்குள் இறங்கினால் வேறு கேடுகள் காத்திருக்கின்றன. தாள் மிதவையின் கையில் சுற்றிக்கொள்ளும். கடல்நீரால் அலசும் கழிப்பறைகளில் சிறுநீரும் கடல்நீரும் கூடிச் சுண்ணம்போன்ற காறையைப் படியவிடும். அக்காறை கீல்களிற் பற்றிக்கொண்டு மிதவையை அசையவொட்டாது தடுக்கும். தாழ்ந்த நிலையில் மிதவை சிக்கினால் தொட்டி என்றும் காலியாகவே தோன்றும். உயர்ந்த நிலையிற் சிக்கினால், உறிஞ்சி முடித்த பிறகும் நிரம்பியே தோன்றும். பின்னதை எல்லாரும் உடனே கண்டுகொள்வர். முன்னதை வழிந்த பிறகே அறிவர்.

சோதிக்கும் முறைக்கு வருவோம். தொட்டியைத் திறந்து தொடங்குதல் கூடாது. முகப்பின் பின்புறத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். அங்கேதான் காற்றோட்டம் உண்டு, நாற்றம் இல்லை, தீப்பொறி எழுந்தாலும் அஞ்சவேண்டியதில்லை. முதலில் பியூஸ் எரிந்துபோயிற்றா என்றும், முகப்புக்கு மின்சாரம் வருகின்றதா என்றும் நோக்குக. 12 வோல்ட்டுப் பாட்டரி பூட்டிய படகில் ஏறத்தாழ அவ்வளவு வோல்ட்டு முகப்பின் இரு முனைகளுக்கிடையே இருத்தல் வேண்டும். இல்லையேல் அக்குறையை நீக்கும் வரையில் மற்றெதனையும் ஐயுறுதல் வீண். மின்சாரம் வருகின்றதாயின், உணர்கருவியின் கம்பி பூட்டிய முனையைத் தேடுக. அமெரிக்க முகப்புகளில் அம்முனைக்கு எஸ் என்னும் எழுத்துக் குறி இருக்கும். அக்கம்பியைக் கழற்றிவிட்டால், அமெரிக்க வழக்கில் முள் காலியின் பக்கம் ஒதுங்குதல் வேண்டும். பிறகு அந்த முனையை நெகடிவ் முனையோடு ஒரு சிறு கம்பியால் நொடிப்பொழுது இணைத்தால் முள் நிறைவின் பக்கம் பாய்தல் வேண்டும். ஐரோப்பிய வழக்கில் இவ்விரண்டும் மாறி நிகழும். முள் இவ்வாறு இருபுறமும் ஓடுமாயின் முகப்பு குற்றமற்றது. அதனை மாற்றுவது காசைக் கடலில் எறிவதாகும்.

அடுத்து, கழற்றிய கம்பிக்கும் நெகடிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பார்க்க. இது கம்பியையும் உணர்கருவியையும் ஒருசேர வினவுவதாகும். 33க்கும் 240க்கும் இடையே ஓர் எண் வருகின்றதா? தொட்டியின் மெய்யான நிலையோடு அவ்வெண் ஒத்திருக்கின்றதா? எல்லையற்ற மின்தடை காட்டினால் எங்கோ கம்பி அறுந்தது, அல்லது உணர்கருவி இறந்தது. 240க்கும் மேலே சென்று, கம்பியை அசைக்குந்தோறும் எண் துள்ளினால் அது பெரும்பாலும் களிம்பேறிய இணைப்பு. ஐயந் தெளிய, தொட்டியின் தலைப்பில் உணர்கருவியின் முனைகளிலேயே மீண்டும் அளக்க. இரண்டு அளவுகளும் ஒத்தால் கம்பி நல்லது. தொட்டித் தலைப்பில் 33உம் முகப்பின் பின்னே 103உம் வந்தால் இடையிலுள்ள 70 ஓம் கம்பியின் களவு. கடையிற் பொருள் வாங்குமுன் இவ்வளவும் செய்து முடிக்க அரைமணி நேரம் போதும்.

கம்பியின் குற்றமாயின் செப்பம் எளிது. கறுத்த செம்பைச் சுரண்டி மீண்டும் முறுக்கிவிடுதல் சில நாளைக்கே நிற்கும். கறுப்பு ஏறாத இடம் வரையிற் கம்பியை வெட்டிவிட்டு, ஈயம் பூசிய செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டு, முனையை அதற்குரிய குறட்டால் நெரித்து இறுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்குகுழலை அதன்மேல் ஏற்றிச் சூடுகாட்டினால் உப்புக்காற்று உட்புகாது. பற்றாசு வைத்து மட்டும் இணைத்தலைப் படகு வல்லார் பலர் விரும்புவதில்லை. அலையதிர்ச்சியில், பற்றாசு ஊறி விறைத்துப்போன கம்பி அதன் விளிம்பில் முறியும் என்பது அவர் காரணம். அது சரியென்றே தோன்றுகின்றது.

குற்றம் மிதவையிடத்தே எனத் துணிந்தால் தொட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும். ஈண்டுச் சற்று நின்று எச்சரிக்கை கூறுதல் கடன். காற்றில்லாக் கழிவில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் ஆவியை உண்டாக்கும். கடல்நீரில் சல்பேட் உப்பு மிகுதியாக உள்ளது. ஒரு லிட்டரில் 2.7 கிராம் அளவில் இருக்கும். எனவே கடல்நீரால் அலசும் தொட்டிகளில் அவ்வாவி தோன்ற இடம் மிகுதி. அழுகிய முட்டையின் நாற்றம் அதற்கு உண்டு; மிகச் சிறிதளவையும் மூக்கு அறிந்துகொள்ளும். ஆனால் காற்றின் பத்துலட்சம் பங்கில் அது 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகின்றது. நாற்றம் நின்றுவிட்டது, தீங்கு தணிந்தது என்று நம்பித் தலையை உள்ளே நீட்டுபவன் மயங்கி வீழ்வான். அவனைத் தூக்கப் போனவனும் வீழ்ந்த செய்திகளை மூடிய தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர் வரலாற்றிற் படிக்கின்றோம். இங்கே மூக்கென்னும் கருவியும் பொய்த்த அளவுகாட்டியே. இவ்வாவி காற்றினுங் கனமானது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும். மீதேன் என்னும் எரியாவியும் கூடவே எழும். காற்றில் நூற்றுக்கு 5 பங்கு சேர்ந்தால் அது தீப்பற்றும்.

ஆகையால் முதலில் உறிஞ்சு நிலையத்தில் தொட்டியைக் காலிசெய்து, மேல்தளத்துக் குழாய்வழியே நல்ல நீர் விட்டு இருமுறையேனும் அலசி மீண்டும் உறிஞ்சுவித்தல் வேண்டும். படகின் கதவுகளையும் மேற்சாளரங்களையும் திறந்து காற்றோடவிடுக. பாட்டரியின் தொடர்பை நீக்குக. தனியே வேலை செய்யலாகாது. வெளியே ஒருவர் நிற்றல் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் தவிர்க்கத்தக்கன அல்ல. மஞ்சட்காமாலை வகையுள் ஒன்று மலத்தின் வழியாகவே பரவுவது. முகத்தைத் தொட்டியின் வாயருகே கொண்டுசென்று உள்ளே நோக்குதல் எவ்வகையானும் கூடாது. சிறு கண்ணாடியையோ கைப்பேசியின் நிழற்படக் கருவியையோ கையால் நீட்டிப் பார்த்தல் அமையும்.

உணர்கருவி பொதுவாக ஐந்து திருகாணிகளால் தொட்டியின் தலைப்பிற் பூட்டப்பட்டிருக்கும். ஐந்து துளைகளின் இடைவெளி ஒருபடித்தாய் இராது. ஆதலின் ஒரே நிலையிற்றான் அது பொருந்தும். கழற்றுமுன் ஒரு கோடு கிழித்துவைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றம் இல்லை. வெளியே எடுத்தபின், மல்டிமீட்டரைப் பூட்டிக்கொண்டு கையால் மிதவையை மெல்ல ஏற்றியிறக்கிப் பார்க்க. எண் இடையறாது நழுவிச் சென்றால் கருவி நல்லது, அழுக்குத்தான் பகை. தாளை அகற்றிக் காறை படிந்த இடங்களை வினிகரில் ஓரிரவு ஊறவைத்தால் காறை நுரைத்து இளகும். தொட்டி பாலிதீனால் ஆயதாயின் அதனுள்ளும் வினிகர் கலந்த நீரை விடலாம்; அலுமினியத் தொட்டியில் அமிலம் எதனையும் விடலாகாது. முன்பே நன்றாக அலசாத தொட்டியில் அமிலத்தை ஊற்றினால் வண்டலிலுள்ள கந்தகம் ஆவியாய்க் கிளம்பும். அமிலத்தோடு பிளீச்சிங் கலவையைச் சேர்த்தாலோ குளோரின் நச்சுக்காற்று எழும். துப்புரவு மிகும் என்று எண்ணி இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவார் உளர். அவர் துப்புரவு உயிருக்கு உலையாய் முடியும்.

எண் ஓரிடத்தில் திடீரென்று துள்ளினால் உட்புறம் தேய்ந்தது, மாற்றவேண்டியதே. புதியது வாங்குவோர் தொட்டியின் ஆழத்தை அளந்துகொண்டு செல்க. கையுள்ள மிதவையாயின், கையின் கீல் தொட்டியின் நடுவாழத்தில் நிற்றல் நலம். கை நடுமட்டத்துக்கு மேலே 45 பாகையும் கீழே 45 பாகையும் ஆடுவதாயின், அதன் நீளம் ஆழத்தில் பத்தில் ஏழு பங்கு இருத்தல் வேண்டும்; 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டிக்கு 28 சென்டிமீட்டர். கையில்லாது நேர்க்குழலின்மேல் வளையம்போல் ஏறியிறங்கும் மிதவையும் உண்டு. குழலுக்குள்ளே காந்தத்தால் மூடித் திறக்கும் சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். கீல் இன்மையால் தாள் சிக்கும் இடம் குறைவு. எனினும் குழலின்மேற் காறை படிந்தால் வளையம் நிற்கும். ஒரு சுவிட்ச் மட்டும் கெட்டால், அந்த ஒரு மட்டத்தில் மட்டும் முள் தடுமாறி மற்ற இடங்களில் ஒழுங்காய் நிற்கும். அக்குறியைக் கண்டால் தேடுதல் மிச்சம்.

கழிவைத் தொடாமலே அளக்கும் கருவிகளும் பல உள. பாலிதீன் தொட்டியின் புறச்சுவரில் ஒட்டும் தகட்டு நாடா ஒன்று. அது சுவரின் ஊடே நீரின் இருப்பை மின்னால் உணரும். உலோகத் தொட்டிக்கு அது பயன்படாது. மேலிருந்து ஒலி எழுப்பி எதிரொலி மீளும் நேரத்தைக் கொண்டு மட்டத்தை அறியும் கருவி மற்றொன்று. நுரையும் மிதக்கும் தாளும் அதனை ஏமாற்றும். தொட்டியின் அடிவரை ஒரு குழலை இறக்கி, கையால் காற்றை ஊதி, நீரின் அழுத்தத்தை அளக்கும் முறையும் உண்டு. ஒரு மீட்டர் நீருக்கு 9.8 கிலோபாஸ்கல் அழுத்தம் என்பது இயற்பியல் மாணவர் அறிந்ததே. 40 சென்டிமீட்டருக்கு 4 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. ஊதும் காற்றே குழலின் வாயைத் துப்புரவு செய்துவிடுகின்றது, மின்சாரமும் வேண்டியதில்லை. என் கருத்தில் இஃதே இவற்றுள் அறிவுடையது. குழலில் எங்கேனும் காற்றுக் கசிந்தால் மட்டும் குறைத்துக் காட்டும். மிதவை இருமுறைக்கு மேல் சிக்கிய தொட்டிக்கு மூன்றாம் மிதவை வாங்குவதினும், இவ்வகையுள் ஒன்றனைத் தேடுதல் நன்று.

எல்லாம் செம்மையாயிற்று, கம்பி புதிது, மிதவை தூயது, முள் பணிகின்றது. இனியும் ஒரு பொய் எஞ்சி நிற்கின்றது; அது கருவியின் குற்றமன்று, நம் குற்றம். மிதவை அளப்பது நீட்டலளவை. அஃதாவது மட்டத்தின் உயரம். நாம் அதனை முகத்தலளவையாகக் கொள்ளுகின்றோம். பெட்டிபோன்ற தொட்டியில் இரண்டும் ஒக்கும். படகின் முன்மூக்கிற் பொருத்தும் தொட்டிகளோ படகின் வடிவை ஒட்டி அடியிற் குறுகி மேலே அகன்றவை. குறுக்குவெட்டு முக்கோணமாய், நுனி கீழே இருப்பதாகக் கொள்க. உயரத்திற் பாதி எழுந்தபோது உள்ளே இருப்பது முழுக்கொள்ளளவிற் கால்பங்கே. முக்கால் உயரம் எழுந்தபோது பதினாறில் ஒன்பது பங்கே. பாதி என்று முள் காட்டும்போது கால் தான் என்றால் நல்லதுதானே எனலாம். அகன்ற பக்கம் கீழேயிருக்கும் தொட்டியில் கணக்கு மாறும்: பாதி உயரத்திலேயே நான்கில் மூன்று பங்கு நிறைந்துவிடும்.

இப்பொய்யை நீக்கும் வழி பழமையானது, முகந்து ஊற்றுதலே. செப்பஞ்செய்து தூய்மையான தொட்டியில் 10 லிட்டர் வாளியால் நல்ல நீரை ஒவ்வொரு வாளியாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்க. 113 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு, அமெரிக்கக் கணக்கில் 30 கேலன், பதினொரு வாளியும் சிறிதும் வேண்டும். படகு சாயாது நேரே நிற்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். பாய்விரித்துச் சாய்ந்தோடும்போது முள்ளை நோக்குவதிற் பயனில்லை. கடைசி வாளியின் நீர் காற்றுக்குழாயில் எழுகின்றதா என்று வெளியே ஒருவர் நின்று பார்த்தால், அக்குழாய் அடைபடாதிருப்பதும் உடன் விளங்கும்.

கருதலுக்குத் துணையாக மற்ற இரண்டளவைகளையும் கைவிடாதிருத்தல் நலம். வெண்ணிறப் பாலிதீன் தொட்டியின் ஒருபுறம் விளக்கைப் பிடித்து மறுபுறம் நோக்கினால் மட்டம் நிழலாகத் தெரியும், அது காட்சி. கழிப்பறைக் கதவில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் ஒரு கோடு கிழிக்கச் செய்தால் அது உரை. ஒருமுறைக்கு 3 லிட்டர் எனக் கொண்டால் 113 லிட்டர்த் தொட்டி 37 கோடுகள் தாங்கும். 30ஆம் கோட்டில் உறிஞ்சு நிலையத்தை நோக்கிப் படகைத் திருப்பலாம். விருந்தினர் கோடு கிழிக்க மறப்பர் என்பதையும் கணக்கிற் சேர்த்துக்கொள்க. வாளிக்கணக்கில் எழுதிய முள்ளின் நிலைகளை ஓர் அட்டையில் மையால் எழுதி, நீர்படாதவாறு மெழுகுத்தாள் போர்த்தி, முகப்பின் பக்கத்திலேயே ஒட்டிவைத்தல் வேண்டும். எவ்வழக்கின் உணர்கருவி, எந்த ஆண்டில் மாற்றியது, நெகடிவ் கம்பி எங்கே இணைந்துள்ளது என்பனவும் அவ்வட்டையின் அடியில் இருப்பின், அடுத்தமுறை பழுது பார்ப்பவர் முகப்பின் பின்புறத்திலிருந்தே தொடங்குவார்.